பக்கத்து இடம்

அமரர் ஊர்தி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் வண்டி நுழையாது. சாவிக்காரரின் நண்பர்கள் நான்கு பேர் அவரை இறக்கி, கடைசி வீடு வரை தோளில் சுமந்து வந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பூட்டுத் திறந்து கொடுத்த மனிதர். அவர் வீட்டுச் சாவிதான் அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி அவசரத்தில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

சின்னவள் வெறுங்கையைக் கதவில் வைத்தாள்.

உள்ளே பூட்டின் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

"பூட்டாமலேயா போனீங்க அண்ணி?" என்றாள் சாவிக்காரரின் தங்கை.

"மறந்துட்டேன் போல."

அவள் மறக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவள் என்பது அவள் பெயரல்ல. சாவிக்காரருக்கு அவள் இரண்டாவது மனைவி. முதல் மனைவி காய்ச்சலில் போய்ப் பல வருடம் கழித்துத்தான் இவள் இந்த வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் உறவுக்காரர்கள் வாயில் போனவள் பெரியவள், வந்தவள் சின்னவள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து சமைத்து, துவைத்து, அவருக்கு இதயம் கெட்ட பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டியும் இவள் சின்னவளாகவே இருந்தாள்.

கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த வீட்டில் தாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று. பின்னறைக் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பார்கள். போய்ப் பார்த்தால் கட்டில் காலியாக இருக்கும். அடுப்படியில் ஈரத்துணியின் வாசனை வந்து நிற்கும். முதலில் பயந்தாள். போகப் போகப் பழகிவிட்டது. "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, எண்ணெய் தெறிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தாளிப்பாள். வாசனை நகர்ந்துவிடும்.

சாவிக்காரருக்கு மட்டும் ஒன்றும் கேட்டதில்லை.

அதுதான் கொடுமை. சில சாயங்காலங்களில் அவர் பின்னறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். பூட்டுக்குள் அசைவதையும் விரல் நுனியில் கேட்கிற ஆள், ஒன்றும் பிடிபடாமல் திரும்பி வருவார்.

"உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

கேட்கும்போது அவர் முகத்தில் பயமில்லை, ஆசை இருக்கும்.

"எலிங்க" என்பாள் சின்னவள்.

பாவம், எலிப்பொறி வாங்கி வைத்தார். தினமும் அதில் புதுத் தேங்காய்ச் சில்லு மாற்றினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கதவடியிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். அவர் பக்கத்தில் படுக்க அவளுக்கும் ஆசை இருந்தது.

முந்தின நாள் வார்டில், நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போன பிறகு, அவர் அவள் கையைப் பிடித்தார்.

"என்னை எரிச்சிடாதே."

"இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு?"

"அவ பக்கத்துல ஒரு ஆள் இடம் சும்மாதான் கிடக்கு. அங்க வெச்சிடு. அவளுக்குத் தனியா படுக்கப் பயம். லைட்டைப் போட்டுட்டுத்தான் தூங்குவா." மூச்சு வாங்கியது. "உன்கிட்டதான் கேக்க முடியும்."

"சரிங்க" என்றாள்.

அந்தக் கை அவள் கையில் இருக்கும்போதே குளிர்ந்தது.

இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடிக்கு அடியில் மீசை ஒரு பக்கம் கலைந்திருந்தது. கண்ணாடியின் மேல் விரலை வைத்து அந்த மீசையை ஒருமுறை தடவினாள்.

"அண்ணி, மின் தகனத்துக்குச் சொல்லியாச்சு" என்றாள் நாத்தனார். "சாயங்காலம் எடுத்துடலாம். நீங்க எதுக்கும் அலைய வேணாம்."

சின்னவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவர் கேட்டது வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு கைப்பிடிச் சாம்பலாவது அவளுக்கென்று மிஞ்சும்.

மதியம் எல்லோரும் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. பெட்டியின் மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

முனகல் நின்றது.

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது.

ஈரத்துணி வாசனை வந்தது. இத்தனை வருடத்தில் அது கூடம் வரை வந்ததே இல்லை.

பின்னறைக் கதவு திறந்தது. வெறுங்காலின் ஓசை தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஒவ்வோர் அடியாக.

அவரிடம்தான் வருகிறாள். பெட்டியருகே நிற்பாள் என்று சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி நிற்கவில்லை. பெட்டியைத் தாண்டி வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

பிடரியில் ஜில்லென்று காற்று பட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கேட்க வந்திருக்கிறாள், தர மாட்டாயா என்று கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் சின்னவளுக்குத் தோன்றியது.

"கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க" என்றாள், உதடு மட்டும் அசைய. "அனுப்பி வைக்கிறேன்க்கா."

பிடரியில் பட்ட குளிர் வெகுநேரம் விலகவில்லை. பிறகு மோட்டார் தானாகவே முனகத் தொடங்கியது.

நாத்தனார் திரும்பி வந்ததும் சின்னவள் அவளை வாசலுக்கு அழைத்துப் போய் அவர் கேட்டதைச் சொன்னாள்.

"என்ன அண்ணி பேசறீங்க? அங்க ரெண்டு பேருக்குத்தான் இடம். நாளைக்கு உங்களுக்கு?"

"எனக்கு எங்கேயாவது."

"இவ்வளவு நாள் எல்லாத்தையும் அள்ளிப் போட்டது நீங்க. கடைசியில அவ பக்கத்துலயா? உங்ககிட்ட மட்டும்தானே சொன்னாரு. விட்டுடுங்க."

"கேட்டாரும்மா." சின்னவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. இதைத்தான் கேட்டாரு."

 நாத்தனார் போனை எடுத்துத் தகனத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அண்ணியின் வியர்த்த முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இடுகாட்டில் பெரியவளின் கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். பாதி ஆழத்தில் பக்கச் சுவர் சரிந்து, இரண்டு குழிகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் தோண்டியவர். "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. வெறும் மண்ணுதான்."

அத்தனை வருடத்தில் எல்லாம் மண்ணாகித்தான் போயிருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அவர் மேல் போட்டாள். இன்னொரு பிடியை அந்தப் பக்கம் போட்டாள்.

"பத்திரமா பாத்துக்கோங்க அக்கா. ராத்திரி இருமுவாரு."

வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. துணைக்கு இருக்கிறேன் என்ற நாத்தனாரை, குழந்தைகள் தேடுவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இந்த முறை கதவை அவளேதான் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது.

கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. எந்த வாசனையும் இல்லை. அடுப்படிக்குப் போய் நின்று பார்த்தாள். யாரும் நகரவில்லை. பின்னறையில் கட்டில் முனகவில்லை. அந்த வீடு இவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். தான்தான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. ஈரத்தரையில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், வயிற்றிலிருந்து அழுதாள்.

நடுவில் மூச்சு வாங்கியபோது ஏதோ உறுத்தியது.

அவள் நிறுத்தினாள்.

அழுகை நிற்கவில்லை.

பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கரகரத்த, பழகாத குரல். இத்தனை வருடத்தில் சின்னவள் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல். அது யாருக்காக அழுகிறது என்று யோசிக்கும்போதே இடுகாடு கண்ணுக்குள் வந்தது. சரிந்த சுவர். அந்தப் பக்கத்து வெறும் மண். அதன் பக்கத்தில், இருட்டில், அவர் தனியாக.

சின்னவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"அக்கா," என்றாள். "நீங்க அங்க போகலையா?"

அழுகை ஒரு கணம் தடைப்பட்டது.

பிறகு மறுபடியும் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.