சாவியும் அண்டாவும்

அப்பா விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். வாசலில் தண்ணீர் தெளிப்பார். கோலம் போட மாட்டார், அவருக்குத் தெரியாது. அடுப்பைப் பற்ற வைத்து, அரிசி களைந்து போடுவார். சோறு வேகும் நேரத்தில் முகம் மழித்துக்கொள்வார். பிறகு அம்சவள்ளியை உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார்.

இரண்டு சடைகளில் ஒன்று காதுக்கு மேலே இருக்கும். இன்னொன்று காதுக்குக் கீழே தொங்கும்.

"சரியா இருக்கா?" என்பார்.

"இருக்குப்பா" என்பாள் அம்சவள்ளி. தெரு திரும்பியதும் இரண்டையும் அவிழ்த்துத் தானே பின்னிக்கொள்வாள்.

அப்பா பழனிவேல், அரியலூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். பி.ஏ. படித்தவர். சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து "எங்க? எத்தனை?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதற்கு மேல் பேசுவதில்லை. அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள். சாப்பிட உட்காரும்போது, "திருச்சிக்கு ரெண்டு தோசை குடுங்க சார்" என்று தட்டை நீட்டுவாள்.

அம்மா பூங்காவனம் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அது 1978ஆம் ஆண்டு. அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊருக்கு இன்னும் பால்வாடி வரவில்லை. ஊரில் பாதிப்பேர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும், மீதிப்பேர் கடலைக் காட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மாதான் மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பஞ்சாயத்தின் சமுதாயக் கூடத்தில் தினமும் காலையில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள்.

சம்பளம் யாருக்கும் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியோ கம்போ எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை அம்மா பையோடு வந்து வாங்கிப் போவாள். பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டு, தாய்மார் திரும்பும்வரை கூடத்திலேயே விளையாடும், தூங்கும், ஒன்றை ஒன்று கடிக்கும்.

இப்போது கூடம் பூட்டிக் கிடந்தது.

கூடத்தின் சாவி கிருஷ்ணம்மாள் அத்தையிடம் இருந்தது. கஞ்சி காய்ச்சும் அண்டா ரெங்கம்மாள் பெரியம்மாவிடம் இருந்தது. இருவரும் அம்மாவோடு கூடத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தின்போதுதான் அது தொடங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"கடைசியா என்னம்மா சொன்னா?"

"என்கிட்டதான் கடைசியா சொன்னா" என்று மூக்கைச் சிந்தினாள் ரெங்கம்மாள். "'அக்கா, கூடத்தைப் பாத்துக்க'ன்னு சொன்னா."

"அதெப்படி? என்கிட்டல்ல சொன்னா" என்றாள் கிருஷ்ணம்மாள். "'நீங்கதான் பாத்துக்கணும்'னு சொன்னா."

"செத்தவ பேரச் சொல்லிப் பொய் பேசாத."

"யாரு பொய்யி? என் இடுப்புல சாவி தொங்குது பாரு."

"சாவியக் கரைச்சா கஞ்சி காய்ச்சப் போற? அண்டா என் வூட்டுல இருக்கு."

இரண்டு பேரும் பொய் பேசுகிறவர்கள் இல்லை. அழுது அழுது அவர்களுக்கு அப்படித் தோன்றிவிட்டது.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்பது அம்சவள்ளிக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்று காலை, ரெங்கம்மாளும் கிருஷ்ணம்மாளும் வந்து சேர்வதற்கு முன்பே, அம்மா கூடத்து வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இதயத்தில் கோளாறு. சாலையில் வந்த ஒரு ஜீப்பை நிறுத்தி ஏற்றினார்கள். பிள்ளையை விட வந்திருந்த ஆண்டாயிதான் கூட ஏறிப் போனாள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அப்பா ஸ்டேஷனில் யாருக்கோ டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊரெல்லாம் கேட்ட கேள்வியை அப்பா மட்டும் கேட்கவில்லை. கூடம் இருக்கும் சாலையில் அவர் இப்போது சைக்கிள் விடுவதும் இல்லை. ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்குப் போகும் வழியில் அம்சவள்ளி ஆண்டாயியைப் பார்த்தாள். ஆண்டாயி சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் அவள் மகன் சின்னதுரை. மூன்று வயது. கஞ்சித் தட்டைத் தொப்பியாகத் தலையில் கவிழ்த்திருந்தான்.

கூடத்தைக் கண்டதும் இறங்கி ஓடினான். தட்டால் கதவைத் தட்டினான்.

"கஞ்சி வூடு, தொற."

"தெனமும் இதே ரோதனை" என்றாள் ஆண்டாயி. "தட்ட வச்சுட்டு வாடான்னா கேக்க மாட்டேங்குறான்."

அவன் திரும்பினான். நெற்றியில் துணிக்கட்டு இருந்தது.

"என்ன அக்கா, காயம்?"

"கல்லுச் சில்லு தெறிச்சிருச்சு, ஆயி. வெடி வைக்கிற எடத்துலேர்ந்து தூரமாத்தான் படுக்க வச்சிருந்தேன். கண்ணுல படாம போச்சு, அந்த மட்டும் சாமி புண்ணியம்."

"வீட்டுல விட்டுட்டுப் போக முடியாதா?"

"யாருகிட்ட விடுறது? நாயிகிட்டயா?" என்று சிரித்தாள் ஆண்டாயி. சிரிப்பு பாதியில் நின்றது. பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று பள்ளியில் என்ன பாடம் நடந்தது என்று அம்சவள்ளிக்குத் தெரியாது. சாயங்காலம் நேராகக் கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"அத்தை, சாவி குடுங்க. கூடத்தைத் தொறக்கணும்."

"அண்டா வரட்டும், தொறக்கறேன்."

ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"பெரியம்மா, அண்டாவக் குடுங்க."

"கதவு தொறக்கட்டும், தரேன்" என்றாள் ரெங்கம்மாள். "அதுவும் இல்லாம அண்டாவுல மாட்டுக்குத் தவுடு கொட்டி வச்சிருக்கேன். நீ சாப்புட்டியா? உங்கப்பன் என்னத்த ஆக்கிப் போடுறான்? கழுத்தெலும்பு தெரியுது பாரு." கையில் ஒரு அதிரசத்தைத் திணித்தாள். அண்டாவை மட்டும் தரவில்லை.

சனிக்கிழமை வந்தது. பொழுது விடிந்ததும் அம்சவள்ளி அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில், பிடி அரிசி இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டாள்.

அந்த வீட்டு அம்மாள் உள்ளே போய்ப் பானையோடு வந்தாள். பானை வாய்வரை நிறைந்திருந்தது.

"நீங்க இன்னும் எடுத்து வைக்கிறீங்களா?"

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலயே" என்றாள் அந்த அம்மாள்.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் பானை நிறைந்து, குடத்திலும் பாதி சேர்ந்திருந்தது. ஆண்டாயியின் தெருவிலும் ஒரு வீடு விடாமல் எடுத்து வைத்திருந்தார்கள். பை போதவில்லை. யாரோ கோணிச் சாக்கு கொடுத்தார்கள். அதுவும் நிறைந்தது. இழுத்துப் பார்த்தாள். சாக்கு அசையவில்லை.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அன்று அப்பாவுக்கு விடுமுறை. சாக்கைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"எங்க?"

"கூடத்துக்குப்பா."

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"எத்தனை?"

"இப்போதைக்கு ஒண்ணு. இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

அவர் சாக்கைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். ஏரிக்கரைப் பக்கம் திரும்பவில்லை. கூடத்துச் சாலையில் தள்ளிக்கொண்டு நடந்தார். கூடத்து வாசலில் சாக்கை இறக்கிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மூன்று சாக்குகள் சேர்ந்தன. தெரு கூடிவிட்டது. ஆண்டாயி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ணம்மாள் சாவிக்கொத்து குலுங்க வந்தாள். ரெங்கம்மாள் அரக்கப்பரக்க வந்தாள்.

"யாரு இத இங்க கொட்டச் சொன்னது?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"நீ சாவிய வச்சுப் பூசை பண்ணு, உனக்கெதுக்கு அது?" என்றாள் ரெங்கம்மாள்.

"நீ அண்டாவுல மாட்டக் குளிப்பாட்டு. கடைசியா பூங்காவனம் என்கிட்ட..."

"கடைசியா அவ என்கிட்டதான்..."

"கடைசியா அம்மா என்கிட்டதான் பேசுனாங்க" என்றாள் அம்சவள்ளி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றாள் ஆண்டாயி. "இதுதான் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பூங்காவனம் அக்கா இதுகிட்ட ஏதோ சொல்லுச்சு. அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாங்க. உடனே அக்கா கண்ண மூடிருச்சு. தலை என் மடியிலதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வாயத் தொறக்கல."

"இத ஏன்டி இத்தனை நாளாச் சொல்லல?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"என்னை யாருங்க கேட்டாங்க?"



"அம்மா கூடத்தை யாருகிட்டயும் குடுக்கல அத்தை" என்றாள் அம்சவள்ளி. "என்கிட்டகூடக் குடுக்கல. பெரியம்மா, உங்ககிட்ட எப்ப அப்படிச் சொன்னாங்க?"

ரெங்கம்மாள் யோசித்தாள். குரல் இறங்கிவிட்டது. "உங்கம்மா, உங்க சித்தி புள்ளைக்குக் காது குத்தப் போனாள்ல, அன்னைக்கு."

"என்கிட்ட, அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். வேப்பமரத்தடியிலிருந்து அப்பாதான் கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்பது போலவே கேட்டார்.

"ஒரு நாளைக்குத்தான் தம்பி" என்றாள் ரெங்கம்மாள்.

"எனக்கும் ஒரு நாளைக்குத்தான்" என்றாள் கிருஷ்ணம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க பாருங்க அத்தை" என்றாள் அம்சவள்ளி. "நாளைக்கு ஒரு நாளைக்குப் பெரியம்மா பாக்கட்டும். மறுநாள் திரும்ப நீங்க."

"சாவி?"

"கதவுலயே இருக்கட்டும். அண்டா அடுப்புலயே இருக்கட்டும்."

ரெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மாட்டுக்கு வேற சட்டி பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தாள். கிருஷ்ணம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

"ரெங்கம், நில்லு. அதத் தனியாத் தூக்குவியா நீ?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவைத் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆனால் அண்டாவைக் கீழே போடவில்லை.

கூடம் திறந்தது. ஒரு மாதத் தூசியை ஆண்டாயி பெருக்கித் தள்ளினாள். அடுப்பு பற்றியது. கஞ்சி கொதித்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தன. சின்னதுரை முதல் ஆளாகத் தட்டை நீட்டினான். பிறகு சுற்றிலும் தேடினான்.

"பூங்கா அத்தை எங்க?"

கரண்டி பிடித்திருந்த கிருஷ்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்சவள்ளி கரண்டியை வாங்கினாள்.

"அத்தை வரமாட்டாங்க. நான் ஊத்துறேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினான். "நெறையா" என்றான்.

எல்லோருக்கும் ஊற்றிவிட்டு அம்சவள்ளி வெளியே வந்தாள். அப்பா கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே, அன்று ஜீப் நின்ற இடத்தில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் அப்பா.

அம்சவள்ளி விரல் நகத்தைப் பார்த்தாள்.

"அம்மாவ ஜீப்புல ஏத்துனாங்க. நானும் ஏறலாம்னுதான் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அம்மா ஒரு வேலை சொன்னாங்க. உள்ள ஓடிப்போய்ச் செஞ்சுட்டு, உடனே ஓடியாந்தேன். ஜீப் போயிருச்சு."

அப்பா ஜீப் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"நான் போயிருக்கக் கூடாதுப்பா. கைய விட்டிருக்கக் கூடாது."

"சொன்ன வேலையச் செஞ்சியா?"

"செஞ்சேன்."

"நீ போகலன்னா, ஆஸ்பத்திரி போற வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டுப் போயிருப்பா" என்றார் அப்பா. "உங்கம்மாவ எனக்குத் தெரியும்."

அம்சவள்ளி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுதாள். அப்பா அவளுடைய சடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே தட்டுகள் மோதும் சத்தமும் ரெங்கம்மாளின் அதட்டலும் கேட்டன. அழுகை நின்றதும் அவர் கேட்டார்.

"என்ன சொன்னா?"

அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'கஞ்சிக்கு இன்னும் உப்புப் போடல. ஓடிப்போய்ப் போட்டுட்டு வா.'"