வாக்குத் தவறாத வழிகோலி

"எதுல வேணும்னாலும் கை வைங்க. மிதுவோட இருக்கப் போற மூணு நாள்ல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் தன்ஷிகா, கணவன் கபிலேஷிடம்.

எதிர்ச்சுவரில் இலங்கை வரைபடம் முழு உயரத்துக்கு விரிந்திருந்தது. காலியில் இரண்டு நாள், எல்லவில் இரண்டு, நுவரெலியாவில் ஒன்று, திருகோணமலையில் ஒன்று, கடைசியாகப் பருத்தித்துறையில் தங்கை மிதுஷாவின் வீட்டில் மூன்று என்று பயணம் வகுக்கும் பொறியான வழிகோலி பச்சைக் கோடு இழுத்திருந்தது. ஆக ஒன்பது. வெப்பப் பெருக்கத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்க ஒருவருக்கு ஆயுளுக்கும் அறுபது கடல்தாண்டு நாட்கள்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டபோது, அறுபது தாராளம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தன்ஷிகாவும் கபிலேஷும் கல்யாணமான புதிதில் பாலிக்கும் தாய்லாந்துக்கும் பறந்து பறந்து அதில் பெரும்பகுதியைத் தீர்த்தார்கள். இப்போது அறுபதைத் தாண்டிய வயதில் ஆளுக்கு ஒன்பது நாள் மிச்சம். மிதுஷாவிடம் அதுவும் இல்லை. அம்மாவின் கடைசி மாதத்தில் சென்னைக்கு வந்து கூடவே உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது.

"ஒன்பது நாளும் அவ வீட்லயே இருந்துடலாம்" என்றுதான் தன்ஷிகா முதலில் சொன்னாள்.

"கடைசிப் பயணம். நாலு ஊர் பாக்க வேணாமா? முடிவா அங்க போய் நிம்மதியா இருப்போம்" என்றான் கபிலேஷ். அவள் விட்டுக்கொடுத்தாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

வழிகோலிக்கு எழுத்து தேவையில்லை. பயணத்துக்குப் பொறுப்பானவரின் காதில் மிளகளவு செவிப்பொட்டு இருக்கும். வாயால் சொன்னது பதிவு, பதிவானது ஒப்பந்தம். 'சொன்னேன், ஆனால் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்கிற வழக்குகளால் நீதிமன்றங்கள் மூச்சுத் திணறிய காலத்தில் வந்த சட்டம் அது. அந்தப் பொறிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த குழுவின் தலைவனாகத்தான் கபிலேஷ் ஓய்வுபெற்றான். 'சும்மா சொன்னேன்' என்று ஒரு வகை வைக்கலாமா என்று குழுவில் ஒரு பெண் கேட்டபோது, மொழியைக் கெடுப்பதே அதுதான் என்று அடித்துப் பேசினான். நாற்பதாயிரம் உரையாடல்களைப் புரட்டி, தமிழர்கள் 'பார்க்கலாம்' என்று சொன்னதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நடக்கவில்லை என்று கண்டுபிடித்து, பார்க்கலாம் என்றால் மறுப்பு என்று விதி எழுதியதும் அவன்தான். அதற்கு ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள்.

காலி நன்றாக இருந்தது. எல்லவில் மழை பெய்தாலும் நன்றாக இருந்தது. நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கும்போது ஓட்டுநர் இல்லாத வண்டியான தானோடியின் கண்ணாடியில் ஒளிர்ந்த பயண வரைபடத்தைத் தன்ஷிகா தற்செயலாகப் பார்த்தாள்.

"பருத்தித்துறைல பூஜ்யம்னு போட்டிருக்கு."

கபிலேஷ் பார்த்தான். அங்கிருந்த மூன்று நாட்கள் காலிக்கு ஒன்று, எல்லவுக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று என்று பிரிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'மறுவருகை' என்றிருந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லத்தான் நேரமாயிற்று.

"கிளம்பும்போது போயிட்டு வர்றோம்னு சொன்னோம்ல. திரும்பி வர்றதா வாக்குக் கொடுத்தோம்னு எடுத்துக்கிச்சு. எந்த ஊருக்கு அதிக நாள் போட்டோமோ அதுலேர்ந்து கழிக்கும்."

"வேற என்னத்தச் சொல்லிட்டுக் கிளம்புவாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வாக்கை ரத்துசெய்ய வேண்டுமானால், யாரிடம் சொன்னார்களோ அவர்களிடமே வரமாட்டோம் என்று சொல்லி விடுவித்துக்கொள்ள வேண்டும். தன்ஷிகாவே மூன்று பேரையும் அழைத்தாள். காலி விடுதிக்காரர், "அட, அது எல்லாரும் சொல்றதுதானே" என்று சிரித்து விடுவித்தார். நுவரெலியாக்காரருக்குத் தமிழ் தெரியாது. பொறி மொழிபெயர்த்துச் சொன்னதும், வெந்நீரில் ஏதாவது குறையா என்று விசாரித்தார். எல்லவில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்துச் சமைத்துப் போட்ட செல்லமணிதான் குரல் இறங்கிக் கேட்டாள்.

"நாங்க ஏதும் கொற வச்சிட்டோமாங்க?"

"அய்யோ, இல்லம்மா" என்றாள் தன்ஷிகா. செல்லமணியும் விடுவித்தாள். மூன்று நாட்களும் திரும்பி வந்தன.

திருகோணமலையில் ஜாக்கிரதையாக இருந்தார்கள். விடைபெறும் சொல் ஒன்று பதிவானால்தான் தானோடி நகரும் என்பதால், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கபிலேஷ் "போறோம்" என்றான். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. போயிட்டு வாங்கோ."

பருத்தித்துறையில் மூன்று நாட்களும் அக்காவும் தங்கையும் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. கபிலேஷ் தனியாகக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளேயிருந்து வந்த சிரிப்பைக் கேட்டபோது, ஒன்பது நாளையும் இங்கேயே கொடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசி நாள் காலை தானோடி வாசற் படலையருகே வந்து நின்றது. தன்ஷிகா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன் மிது" என்றாள்.

கபிலேஷின் காதில் வழிகோலி பணிவாகச் சொன்னது: "ஏற்க இயலாது. இவ்வாக்கை நிறைவேற்ற உங்களிடம் நாட்கள் இல்லை. வேறு சொல் சொல்லவும்."

"எடுத்துக்கலையாம்" என்றான் அவன். கப்பலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. திருகோணமலையில் சொன்னதைச் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் தன்ஷிகா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த வாசல்ல நின்னு அந்த வார்த்தைய நீங்க சொல்லக் கூடாது."

மூவரும் நின்றார்கள். தானோடியும் நின்றது. மிதுஷாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனி எப்ப அக்கா உன்னைப் பாக்கிறது?"

தன்ஷிகா தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். "பாக்கலாம்டீ" என்றாள்.

மிதுஷா சிரித்துவிட்டாள். அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. "ஓம், பாப்பம்" என்று தலையாட்டினாள். தானோடி முனகிக் கதவைத் திறந்தது.

தெரு திரும்பும்வரை தன்ஷிகா பின்னால் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு நேராக உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"பரவால்லயே, அதை ஏத்துக்கிச்சே. நான் போறேன்னு சொல்லவே இல்ல. பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எழுதி வச்சிருக்கீங்க?"

கபிலேஷ் கடலைப் பார்த்தான்.

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்" என்றான்.

வழிகோலி எந்தச் சொல்லையும் தவறவிடுவதில்லை. அவன் காதில் மட்டும் பதிவு செய்தது: "மறுப்பு. மறுப்பு."