காய்ச்சல் வீட்டுச் சாரம்

சாமான்களை இறக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேஸ்திரி, அவர் மனைவி, மேஸ்திரியின் தங்கை. கடைத்தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்தக் கல் கட்டடம். ஊரில் அதற்குக் காய்ச்சல் வீடு என்று பெயர். பழமை மாறாமல் புதுப்பித்துக் காட்சிக்கூடமாகத் திறக்கப் போகிறார்களாம்.

“மாடி இருக்கு, படியைக் காணோமே. கட்டினவன் மறந்துட்டான் போல,” என்றாள் அண்ணி.

தங்கை சிரித்தாள். அண்ணி எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வரும். பால் பல் விழாத வயதில் தாயை இழந்தவள் அவள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அண்ணிதான் தலை வாரி, சோறூட்டி, உடம்புக்கு முடியாதபோதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தாள். அண்ணி இல்லாத ஒரு நாளை அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் தைரியமில்லை.

சாரம் கட்டினார்கள். மேல்தட்டில், கல் வைத்து அடைத்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒற்றைப் பலகை. ஒரு ஆளைத்தான் தாங்கும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாந்துச் சட்டியோடு ஏறுகிறவர் பலகைக்குக் கீழே நின்று “வரலாமா?” என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவர் பலகையை விட்டுச் சுவரின் கல் விளிம்புக்கு ஒதுங்கிய பிறகுதான் “வா” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வந்துவிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சொல்லிச் சொல்லி அது மூச்சு விடுவதைப் போல ஆகியிருந்தது.

தங்கைக்குக் கரகரத்த குரல். “நீ வான்னு சொன்னா அடிக்கக் கூப்பிடுற மாதிரி இருக்குடி,” என்பாள் அண்ணி.

ஜன்னலை அடைத்திருந்த கற்களை எடுத்த அன்று உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டிவைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. அதற்கடியில் லேசாக மருந்து நெடி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள் ஒரு முழத்துக்கு மேல் அது போகவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை சுவரைப் பார்த்தபடி ஜன்னல் ஓரத்தில் சாந்து பூசிக்கொண்டிருந்தாள்.

“வரலாமா?”

கரண்டியை நிறுத்தாமலே விளிம்புக்கு ஒதுங்கினாள். “வா.”

பலகை தாழ்ந்தது.

ஒரு ஆள் ஏறி நின்றால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு.

திரும்பிப் பார்த்தாள். பலகையில் யாரும் இல்லை. கீழே, வெகு தள்ளி, அண்ணி தொட்டியருகே குனிந்து சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. கேள்வி கீழேயிருந்து வரவில்லை.

விளிம்பைப் பற்றிக்கொண்டே நகர்ந்து, பலகையில் கால் படாமல் இறங்கினாள். வெளி கேட்டில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டி உள்ளே வராதவர். அவள் கேட்கக் கேட்க, தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரிய காய்ச்சல் வந்த காலத்தில் நோயாளிகளை மாடியில் ஏற்றிவிட்டுப் படியை இடித்துவிட்டார்களாம். சோறும் தண்ணீரும் கூடையில், கயிற்றில் போகும். காவலுக்கு நின்றவர்களுக்கு ஒரே கட்டளை: மேலேயிருந்து என்ன கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் கேட்டதும் ஒன்றைத்தான், இறங்கி வரலாமா என்று. முதலில் பல குரல்கள், பிறகு சில, பிறகு ஒன்றே ஒன்று. அப்புறம் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார்கள், தானியக் கிடங்கு வைத்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஜன்னலை அடைத்தார்கள்.

“யாராச்சும் பதில் சொல்லியிருக்காங்களா?”

“காவலுக்கு நின்னவன் ஒருத்தன் மனசு கேக்காம வான்னுட்டானாம்.”

“அப்புறம்?”

“வந்துட்டாங்க. அவன் வீட்டுல அவனைத் தவிர ஒருத்தரும் மிஞ்சல.” அவள் முகத்தையே பார்த்தார். “நீ ஒண்ணும் சொல்லிடலையேம்மா?”

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

அண்ணனிடம் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனால் இனி எவன் கூப்பிடுவான் என்று கேட்டார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

“சித்தாள் வேலைக்குப் பேயா? வரட்டும்டி. எனக்கும் முதுகு வலிக்குது.”

“அண்ணி, விளையாடாதீங்க. நீங்க சாரத்துல ஏறாதீங்க.”

“ஏன், குண்டாயிட்டேன்னு சொல்றியா?”

மறுபடி சாரம் ஏறினபோது தங்கை ஒன்றை முடிவு செய்திருந்தாள். அந்தச் சொல்லை இனி வாயில் எடுப்பதில்லை. அவள் வா என்று சொல்லாதவரை அண்ணி பலகையில் கால் வைக்க மாட்டாள். அவ்வளவுதான் வேண்டும்.

உச்சி வெயில். வயலில் காக்கைகூடக் கத்தவில்லை. ஜன்னலிலிருந்து வந்த ஈர வாடை பிடரியில் பட்டது, யாரோ நெருங்கி நின்று மூச்சு விடுவதைப் போல.

“வரலாமா?”

இந்த முறை கீழேயிருந்துதான். அண்ணியேதான். தலையில் சட்டி, கண் ஏணிப்படியில்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“வா.”

கரகரத்த குரல்.

அவளுடைய குரல்.

ஜன்னலுக்குள்ளிருந்து.

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. கால் வைத்தாள். தங்கை இன்னும் பலகையில்தான் நின்றிருந்தாள். பலகை முறிந்தது. கையில் அகப்பட்ட கல் விளிம்பைத் தங்கை பிடித்துக்கொண்டாள். அண்ணிக்குப் பிடிக்க எதுவும் அகப்படவில்லை.

அண்ணன் அடிக்கவில்லை, ஏசவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய் வீடு காலியான ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“நான் கீழதான் நின்னேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?”

போனவர் திரும்பவில்லை. காய்ச்சல் வீட்டைத் திறந்துவிட்டார்கள், ஜனங்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவள் பேச்சையே விட்டிருந்தாள். பேசினால்தானே அதற்கும் குரல் கிடைக்கும் என்று நினைத்தாள். மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை.

ஒரு மத்தியானம் கதவைத் தட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இடுப்பில் கைக்குழந்தை.

“கொஞ்ச நாளா நீ பேசுற சத்தம் கேக்குது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இப்பக்கூட, குழந்தையைத் தூக்கிட்டு வரட்டுமான்னு சுவர்கிட்ட நின்னு கேட்டேன். வான்னியே, அதான் வந்தேன்.”

போய்விடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவளுக்குப் பின்னால், இருட்டாக இருந்த அறையிலிருந்து, கரகரத்த குரல் ஆசையாகச் சொன்னது:

“உள்ள வா.”

அவள் வாய் திறந்திருந்ததால் அவளே சொன்னது போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையோடு வாசற்படியைத் தாண்டினாள்.