நிற்காத சக்கரம்

சுண்டுவின் அம்மா நடத்தும் மரக் கடைசல் பட்டறையில் அன்று புது ட்யூப்லைட் எரிந்தது. மாட்டியவர் சித்தப்பா. கரண்ட் வேலையெல்லாம் தனக்கு அத்துப்படி என்பார். அதில் பாதி நிஜம். கடைசல் மெஷினுக்கு மேலே இருந்த பழைய குண்டு பல்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்.

அந்த வெளிச்சத்தில் சுண்டு பம்பரம் விட்டாள். அதன் தலையில் அவளே தீட்டிய கறுப்பு வெள்ளைக் கோடுகள். வேகம் குறையும்போது, கோடுகள் மட்டும் லேசாக நடுங்கியபடி அப்படியே நின்றன. பம்பரமோ சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கோடுகள் பின்பக்கமாக நகர ஆரம்பித்தன. சுண்டுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வாசலுக்கு ஓடி, வெயிலில் விட்டுப் பார்த்தாள். கோடுகள் கலங்கிச் சாம்பலாகத்தான் தெரிந்தன. அப்படியானால் எல்லாம் அந்தப் புது விளக்கின் சேட்டை. சித்தப்பாவிடம் சொல்லத் திரும்பி ஓடினாள்.

அம்மா மெஷினை ஓடவிட்டு, கட்டை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். அடுத்த அறையில் ரம்பம் போட்ட கூச்சலில் மெஷின் சத்தம் கேட்கவே இல்லை. ட்யூப்லைட்டுக்கு அடியில் அதன் பெரிய சக்கரம் சமர்த்தாக நின்றது. பக்கத்தில் ஒரு மரச்சில்லு சிக்கியிருந்தது. அதை எடுக்க சித்தப்பா கையை நீட்டினார்.

சக்கரத்தின் ஆரக்கால்கள் லேசாக நடுங்குவதைச் சுண்டு பார்த்தாள். பம்பரக் கோடுகளும் இப்படித்தானே நடுங்கின? பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சித்தப்பா மரத்தூளில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நிக்கிற சக்கரத்துக்கா இவ்ளோ பயம்?" என்று சிடுசிடுத்தார்.

சுண்டு ட்யூப்லைட்டை அணைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆரக்கால் ஒன்றுகூடத் தெரியவில்லை. சக்கரம் பேய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா சட்டென்று இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டார்.

அம்மா ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பா ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்:

"வீட்டுக் கரண்ட் ஒரே பக்கமா ஓடாது. முன்னும் பின்னுமா மாறிக்கிட்டே இருக்கும். மாறும்போதெல்லாம் ட்யூப்லைட் ஒரு தடவை மங்கும். நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாது, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ லைட் கண்ணு முழிக்கிறப்பல்லாம், ஒரு ஆரக்கால் இருந்த இடத்துக்குச் சரியா அடுத்தது வந்துடுது. அதான் நிக்கிற மாதிரி தெரியுது," என்றாள் சுண்டு.

சித்தப்பா வாயைப் பிளந்தார். இது அவருக்கே தோன்றவில்லை.

சுண்டு மூலையிலிருந்த குண்டு பல்பை எடுத்து வந்தாள். அணைத்த பிறகும் அது சூடாகவே இருக்குமே, கரண்ட் மாறுகிற நேரத்துக்குள் எப்படி மங்கும் என்று கேட்டாள். மாட்டிப் பம்பரம் விட்டுப் பார்த்தார்கள். கோடுகள் நிற்கவே இல்லை. வெயிலில் போலவே கலங்கித் தெரிந்தன.

மெஷினுக்கு மேலே மறுபடி குண்டு பல்பு ஏறியது. ட்யூப்லைட் முன்னறைக்குப் போனது. சக்கரத்துக்கு அன்றே ஒரு கம்பிவலை மூடியும் வந்தது.

இப்போதெல்லாம் அந்தப் பட்டறையில் எந்த விளக்கை மாட்டினாலும், சித்தப்பா பத்து விரல்களையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுண்டு பம்பரத்தோடு வரும்வரை காத்திருக்கிறார்.