அம்மா இருக்கிற சிடி

கதவைத் திறந்ததுமே இந்துப்ரியா பிடித்துக்கொண்டாள்.

"காலையிலயே வாரேன்னு சொன்னீங்கள்ல? இப்ப மணி என்ன? ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடவா முடியல?"

வாசல் சன்ஷேடுக்குக் கீழே நின்றவன் திடுக்கிட்டுத் திரும்பினான். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு ரெக்சின் பை. கேட்டுக்கு வெளியே அவனுடைய பைக் பரிதாபமாக நனைந்துகொண்டிருந்தது.

"இல்லங்க, நானு வந்து..."

"மழைன்னு சொல்லாதீங்க. மழை இப்பத்தான் வந்துச்சு. உள்ள வாங்க. இன்னும் நாலு நாள் அந்த சிடி ஓடலேன்னா எங்கப்பா சோத்தையே மறந்துருவாரு... அதுலதாங்க எங்கம்மா இருக்காங்க."

சொல்ல வந்ததை அவன் சொல்லவில்லை. அவள் கண்களைப் பார்த்தான். அதட்டுகிற கண்கள்தான்... ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு முகம் கழுவிய கண்கள். பெரிய, கறுத்த, ஈரம் காயாத கண்கள். அவற்றை ஏமாற்றிவிட்டுப் போக அவனுக்குக் கால் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

அவன் பெயர் செல்வக்குமார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பசுமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறான். கோச்சடையில் சிநேகிதனைப் பார்க்க வந்தவன், மழைக்கு அந்த வீட்டு வாசலில் ஒதுங்கினான். அவ்வளவுதான். அவனுக்கும் இவள் காத்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது!

ஹாலில் பகலிலேயே இருட்டு. சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு அம்மாள் பாதி முகத்தை மட்டும் காட்டிச் சிரித்தாள். குரூப் போட்டோவிலிருந்து பெரிதாக்கியது போலிருந்தது. உள் அறையில் ஒரு பெரியவர் ஈஸிசேரில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று கேட்கவில்லை.

"அப்பா," என்றாள் இந்துப்ரியா தாழ்ந்த குரலில். "சுங்குடிச் சேலை வியாபாரம். அம்மா போனதுலருந்து கடைக்கும் போறதில்ல, பேச்சும் கிடையாது. எங்கண்ணன் கல்யாண சிடிய சாயங்காலமானா போட்டுப் பார்ப்பாரு. அம்மா கேமராவைக் கண்டாலே ஒளியிற ஆளு... அதுல மட்டும்தான் நல்லா விழுந்திருக்காங்க. பேசுவாங்க, சிரிப்பாங்க. வேற காப்பி கிடையாது. ஸ்டுடியோல கேட்டா கேசட்டை அழிச்சு வேற கல்யாணம் எடுத்துட்டாங்களாம்."

"எப்பருந்து ஓடல?"

"போன மாசம் அம்மாவுக்குத் தலைத் திவசம். அதுலருந்து."

கம்ப்யூட்டரைப் போட்டான். சிடி டிரைவ் கர்ர்... கர்ர்... என்று நாலு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, சிடியைப் போடச் சொல்லித் திரையில் கேட்டது. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை.

"உள்ள சிடி இருக்கு. இல்லேங்குது," என்றான்.

"அதாங்க அதுக்கு வியாதி. உங்களுக்கு என்ன வியாதி? பேசவே மாட்டேங்கிறீங்க?"

"நீங்க எங்கங்க பேச விட்டீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரித்து வெகுநாளானதால் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு ஊக்கு இருக்குமா?" என்று கேட்டான்.

அவள் தேடவில்லை. துப்பட்டாவில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விரித்து, தட்டுக்குக் கீழே இருந்த சின்னத் துளைக்குள் விட்டு மெல்ல அழுத்தினான். தட்டு நாக்கை நீட்டியது. சிடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. பளபளப்பான பக்கம் முழுக்க வட்டவட்டமாகக் கீறல்.

சென்டர் வேலைக்காகப் பையில் வைத்திருந்த திருப்புளியை எடுத்து, டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தான். பையிலிருந்த பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் இருந்த லென்ஸை ஒற்றி எடுத்தான். அப்போதுதான் போன் அடித்தது.

இந்துப்ரியா எடுத்தாள். "ஹலோ... ஆமா... என்னது? இன்னைக்கு வரலையா? அப்ப..."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மெக்கானிக் வரமாட்டாராம். அப்ப நீங்க யாரு?"

அவன் எழுந்துவிட்டான். "மழைக்கு ஒதுங்குனேங்க. நீங்கதான் உள்ள வாங்கன்னீங்க."

"சொன்னா வந்துருவீங்களா? எந்த ஊரு நீங்க?"

"உசிலம்பட்டி."

அவள் கண்... அந்தப் பாழாய்ப்போன கண், ஒரு நொடி பீரோவில் தொங்கிய சாவிக்கொத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தை மறைக்கக் கோபம்தானே கைக்கு எட்டுகிற துணி? மேஜைமேல் கிடந்த சிடியை எடுத்துப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்.

"ஐயோ! எங்கம்மா சிடியை இப்படிக் கீறி வச்சிருக்கீங்களே! ஊக்கை விட்டு நோண்டுனீங்கள்ல... தெரியாத வேலையில எதுக்குங்க கை வைக்கிறீங்க?"

"நான் கீறல. நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"பொய் வேற!"

அவன் டிரைவின் மூடியைப் போட்டு, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, இருந்த இடத்திலேயே மாட்டினான். சிடியை உறைக்குள் போட்டான். வாசலுக்குப் போய்த்தான் திரும்பினான்.

"பசுமலையில கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுக்கிறேன். பேரு செல்வக்குமார். எதுவும் காணாமப் போயிருந்தா அங்க வந்து கேளுங்க. போறேன்."

மழை விடவேயில்லை. அந்த மழையிலேயே போய்விட்டான்.

அவன் போன பிறகு வீடு முன்னைவிட இருட்டாக இருந்தது. மேஜையைத் துடைக்க வந்தவள், அவன் விட்டுப்போன பஞ்சைக் கையில் எடுத்தாள். கறுப்பு அழுக்கு இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. மஞ்சளாக ஒரு தீற்றல்... ஓரத்தில் சிவப்பு. முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் சந்தனம் மணத்தது.

கம்ப்யூட்டருக்குள் எங்கிருந்து சந்தனம் வந்தது?

உள் அறையில் அப்பா ராஜாராம் ஈஸிசேரின் கைகளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பஞ்சை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா..."

"திவசத்தன்னைக்கு உங்கம்மா படத்துக்குப் பொட்டு வச்சேன்," என்றார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு முழுதாக வந்த பேச்சு கரகரத்தது. "அதுல பாதி மூஞ்சிதானேம்மா இருக்கு? முழுசா அந்த சிடியிலதானே இருக்கா. அதுக்கும் வைக்கணும்னு தோணுச்சு. சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சேன்."

"எந்தப் பக்கம்ப்பா?"

"மூஞ்சி தெரியிற பக்கந்தான். பளபளன்னு இருக்குமே... அங்கதானே அவ இருப்பா? அப்பறம் போட்டா ஓடல. எடுத்து வேட்டி நுனியால அழுத்தி அழுத்தி, சுத்திச் சுத்தித் துடைச்சேன். தொடைக்கத் தொடைக்க அவ போயிட்டாம்மா. அந்தப் பையனை நீ வையிறப்ப சொல்லணும்னுதான் நினைச்சேன்... வாய் வரல."

தேம்பித் தேம்பி அழுதார். யாரைத் திட்டுவது? அன்புக்குப் பின்பக்கம், முன்பக்கம் தெரியுமா? இந்துப்ரியா அவர் காலடியில் உட்கார்ந்து தானும் அழுதாள். அப்பாவுக்காக அழுதது பாதி. வாசலில் நனைந்துகொண்டு போன ஒரு முதுகு நினைவுக்கு வந்து வந்து அழுதது மீதி.

மறுநாள் பசுமலை சென்டரில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும்வரை சிடி உறையோடு வராந்தாவில் நின்றாள். அவளைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

"என்ன காணோம்?"

"ஒண்ணும் காணோம்னு வரல." குனிந்த தலையோடு நடந்ததை எல்லாம் சொன்னாள். சந்தனம், வேட்டி நுனி, எதையும் விடவில்லை. "அதெல்லாம் அப்பா செஞ்சது. ஆனா, நீங்க ஊரைச் சொன்னதும் சாவியைப் பார்த்தேன் பாருங்க... அது நான் செஞ்சது. அதுக்கு மன்னிச்சுருங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் ஒளிந்திருந்தது.

"நீங்க ஒருத்தர் மட்டும் பார்த்திருந்தா நான் மறந்திருப்பேன்," என்றான் கடைசியில். "எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே களவாணியைப் பாக்கிற மாதிரிதான். வீடு வாடகைக்குக் கேட்டாலும் பாக்கிறாங்க, வேலை கேட்டாலும் பாக்கிறாங்க. ஆனா உங்க கண்ணு பார்த்ததுதான் வலிச்சுச்சு. ஏன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

அவளுக்கு அந்த 'ஏன்' புரிந்தது. புரிந்தது போலக் காட்டிக்கொள்ள பயமாக இருந்தது.

"மெக்கானிக் இல்லேன்னு வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க 'அதுல எங்கம்மா இருக்காங்க'ன்னீங்க." சிடிக்காகக் கையை நீட்டினான். "எங்கம்மா நான் தவழ்ற வயசுல செத்துப் போச்சு. ஒரு போட்டோகூடக் கிடையாதுங்க. எப்படி இருக்கும்னே தெரியாது. இங்க நல்ல டிரைவ் ஒண்ணு இருக்கு. படிக்கவிட்டுப் பாக்கிறேன். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அவளுக்கு அதே நினைப்பு. அம்மா முகமே தெரியாத ஒருவன், என் அம்மாவைத் தேடி உட்கார்ந்திருக்கிறான்... அவனையா? அவனையா அப்படிப் பார்த்தேன்? கண்ணைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவன் வந்தான். கையில் புதிதாக எழுதிய சிடி. முகத்தில் சந்தோஷமில்லை.

"மெதுவாப் படிக்கவிட்டு, திரும்பத் திரும்பத் துடைச்சு, முக்காவாசிக்கு மேல எடுத்துட்டேன். அம்மா நல்லாத் தெரியிறாங்க. ஆனா..." வாசலிலேயே நின்று தயங்கினான். "கேமராவைப் பார்த்து அவங்க பேசுற இடம் மட்டும் வரல. கீறல் அங்கதான் ஆழம். எம்புட்டோ பார்த்தேங்க. முடியல."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ராஜாராம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். துடைத்த டிரைவ் சத்தமில்லாமல் சுற்றியது. திரையில் கல்யாண மண்டபம்... மேளம்... இந்துப்ரியாவின் அம்மா நாகமணி பட்டுச்சேலையில் பாத்திரத்தோடு குறுக்கே ஓடினாள். பெரியவர் கை கூப்பினார். அப்புறம் அந்த இடம் வந்தது. அம்மா திரும்பினாள், வாயைத் திறந்தாள்... படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. குரல் இல்லை.

அந்த மௌனத்தில் ராஜாராம் பேச ஆரம்பித்தார். தங்கள் வீட்டு மொழியில், சௌராஷ்டிரத்தில், மனைவி பேசியதைச் சொல்லுக்குச் சொல் சொன்னார். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தார். அவள் சிரிக்கிற இடத்தில் சிரித்தார். சரியாக அவர் முடிக்கும்போது படம் குதித்து மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு வருஷமாகக் கேட்டது வீண்போகவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

இந்துப்ரியா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். செல்வக்குமார் பின்னால் வந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றாங்க அம்மா? எனக்குப் புரியலையே."

"'என்னைய எதுக்குத் தம்பி பிடிக்கிறே, பொண்ணு மாப்ளயப் பிடி'ம்பாங்க." நிறுத்தினாள்.

"அதுக்கு இம்புட்டு நேரமா?"

"மிச்சமும் இருக்கு..." அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "'அடுத்து எங்க இந்து கல்யாணம் வருது. அன்னைக்கு ஒளிய மாட்டேன். அவ பக்கத்துலயே நிப்பேன். எம்புட்டு வேணாலும் பிடிச்சுக்க'ம்பாங்க. இந்த இடம் வந்தா நான் எந்திரிச்சு ஓடிருவேங்க. இது போச்சுன்னு நீங்க சொன்னப்ப, ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. அம்மா நிக்க வேண்டிய இடம் காலியாக் கிடக்கும். அதைப் பார்த்துக்கிட்டு எப்படி மாலை போடுறது? கல்யாணமே வேணாம்னுதான் வீட்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தான்.

"எனக்குன்னு ஒரு நாள் வந்தா... என் பக்கமும் அந்த இடம் காலிதாங்க," என்றான் மெல்ல. "அங்க யாரு நின்னிருப்பான்னு நினைச்சுப் பார்க்க ஒரு மூஞ்சிகூடக் கிடையாது. உங்க பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு. ரெண்டையும் ரெண்டு பேருமா பார்த்துக்கிட்டா... தாங்கிரலாம்னு தோணுது. அன்னைக்கு நீங்க வைஞ்சுக்கிட்டே கதவைத் திறந்தீங்களே, அப்பயே மனசுல பட்டுருச்சு. தப்புன்னா சொல்லிருங்க, இப்படியே போயிர்றேன்."

அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. துடைக்கவில்லை. எத்தனை பேர் மூக்கை நுழைப்பார்கள்... பாஷை வேறு, சாதி வேறு. பெங்களூரிலிருந்து அண்ணன் குதித்துக்கொண்டு வருவான். எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"உங்க வீட்ல?"

"எங்கய்யா சண்டை போட மாட்டாரு. பேச்சை நிறுத்திருவாரு. அதுக்குச் சண்டையே தேவலாம்."

"இங்க சண்டைதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நிறைய அழணும் போலருக்கே?"

"அழணும்."

"பரவால்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு நீங்க மழையில நனைஞ்சுக்கிட்டே போனீங்க பாருங்க... அப்பருந்து வேற நினைப்பே இல்ல." உள்ளே, கல்யாண மேளம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அப்பா மறுபடியும் போட்டுவிட்டார். "வாங்க. அப்பாகிட்ட நானே சொல்றேன். நீங்க என் பக்கத்துல வந்து நின்னா மட்டும் போதும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.