உட்கார்ந்த எண்கள்

"வீ...ல்!"

நகாத் போட்ட அலறலில் அலெக்சாந்திரியாவின் கல்லூரித் தெருவே திடுக்கிட்டு நின்றது.

அவளுடைய டைப்பிங் கடைக்குள்... கீபோர்டுக்குப் பக்கத்தில், மேஜையில் கன்னம் பதித்துக் கிடந்தார் வேதியியல் பேராசிரியர் ஃபிக்ரி.

அருகே காலி டீ கிளாஸ்!

ஃபலாஃபல் வடைப் பொட்டலத்தோடு ஓடிவந்தான் அவருடைய உதவியாளன் ஹம்தி. கிளாஸை முகர்ந்தான்.

"விஷம்! அடிப்பாவி!"

போலீஸ் அதிகாரி ஷாஹின் வந்தார்.

"பிணத்தை யாரும் தொடாதீங்க! டீ போட்டது யாரு?"

"நான்தான் ஆபீசர் பாஷா... வச்சுட்டு ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தா..."

"கடையைப் பூட்டு. கையை நீட்டு!"

விலங்கு மாட்டியது. போச்சு... கடையும் போச்சு, கழுத்தும் போச்சு!

கடைசியாகத் தன் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தாள் நகாத்.

துள்ளினாள்.

"பாஷா! எண்ணெல்லாம் உட்கார்ந்திருக்கு!"

"என்னம்மா உளர்றே?"

"டாக்டரோட ஆராய்ச்சிக் கட்டுரையில H₂SO₄... ரெண்டும் நாலும் குட்டியாகி, கீழே உட்கார்ந்திருக்கு பாருங்க! நான் கிளம்புறப்போ எல்லாம் நெட்டையா நின்னுச்சு! டாக்டர் ஃபிக்ரிக்கு எண்ணைக் கீழே இறக்கத் தெரியாது. கடகடன்னு அடிச்சுட்டு, 'நகாத், உட்கார வை'ம்பார். என் கடையே அதுலதான் ஓடுது!"

"அப்போ உட்கார வச்சது..?"

"வேதியியல் படிச்ச கை! கொலை பண்ண வந்தாலும், நிக்கிற ரெண்டைப் பார்த்தா அதுக்கு அரிக்கும். வந்தவன் வேற எதையும் தொடாமலா போயிருப்பான்? முதல் பக்கத்துக்குப் போங்க!"

ஷாஹின் போனார்.

ஆராய்ச்சியாளர் பெயர் ஃபிக்ரி இல்லை... ஹம்தி!

ஹம்தி கையிலிருந்த ஃபலாஃபல் தரையில் உருண்டது.

"பேரை மட்டும் மாத்திட்டு ஓடியிருக்கலாம் பாஷா... கை கேக்கலை... பழக்கதோஷம்!"

விலங்கு கை மாறியது.

அப்போது...

"அப்பாடா! கழுத்து பிடிச்சுக்கிச்சு!"

பிணம் எழுந்தது! ஷாஹின் நாற்காலி மேல் ஏறினார்!

"டா... டாக்டர்! டீ குடிக்கலையா?"

"நகாத் போடுற டீயை எவன்யா குடிப்பான்? தினமும் புதினாத் தொட்டிக்குத்தான்!"

தொட்டியில் புதினா கருகிக் கிடந்தது.

"இவன் கிளாஸ்ல ஏதோ கலக்குறது கம்ப்யூட்டர் திரையில நிழலாத் தெரிஞ்சுது. என்னதான் பண்றான்னு செத்துப் பார்த்தேன்."

"நான் விலங்கோட நிக்கிறேன், நீங்க வேடிக்கை பார்த்தீங்களாக்கும்!" பொரிந்தாள் நகாத்.

"கோவிச்சுக்காதே. செத்ததுல ஒரு லாபம்! எண்ணை இறக்குற பொத்தான் எதுன்னு ஒத்தைக் கண்ணால பார்த்துட்டேன். இனி நானே..."

நகாத் கீபோர்டை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு உசிர் வந்துடுச்சு டாக்டர்... என் பொழைப்பைக் கொன்னுடாதீங்க!"