சிவப்புக் கட்டங்கள்

“நான் வந்து சேருற வரைக்கும் அதை ஆஃப் மட்டும் பண்ணிராதீங்கண்ணே” என்று போனில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கேத்ரின் இராஜபாளையத்தில் பஸ் ஏறினாள். சாகக் கிடக்கிற ஹார்டு டிஸ்க்கின் குணம் அப்படி. ஓடுகிற வரைக்கும் ஏதோ ஓடும். ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடி சுற்றுமா என்பது அதற்கே தெரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவள் அவள். வழக்கமாக ஆட்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். இது நகர்த்தக்கூடாத பெட்டி என்பதால் கடையை அடைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போகவேண்டியதாயிற்று.

கூப்பிட்டவர் அபுதாஹிர், ஜவுளிக்கடைக்காரர். பால்கோவா அடுப்புகள் எரிகிற தெருவுக்குப் பின்னால் வீடு. முனையிலேயே பால் சுண்டுகிற வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. வாசற்படியைத் தாண்டியதும் அந்த வாசனை அறுத்தாற்போல நின்றுபோயிற்று. உள்ளே வேறொரு வாசனை. ஸ்பிரிட், டெட்டால், நாள்பட்ட நோயாளியின் படுக்கை. பட்டப்பகலில் எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தன.

இங்கே யாரும் காயலா வந்து படுத்திருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார் அபுதாஹிர். பொறவு தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி அசீனா போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இனிப் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், மகள் நௌஷீனுக்காக இந்தக் கம்ப்யூட்டரில் கதை கதையாகப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறாள். அவள் போன நாளிலிருந்து ஆறு வயசுப் பிள்ளை வாயே திறக்கவில்லை. மதுரை வரைக்கும் டாக்டர்களிடம் காட்டியாயிற்று. அம்மாவின் குரலைப் போட்டுவிட்டால் மட்டும் கொஞ்சம் சாப்பிடும், தூங்கும். இப்போது அந்தக் குரல் திக்கித் திக்கி நிற்கிறது.

“அந்தக் குரல் போச்சுன்னா எம் புள்ளையும் போயிரும் தங்கச்சி” என்றார்.

அந்தக் கதைகளை வேறெதிலாவது காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேத்ரின் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? இந்தப் பக்கம் எந்த மகராசன் நேரத்தோடு காப்பி எடுத்து வைத்தான்!

பெட்டியில் காதை வைத்தாள். டொக். செத்த நேரம் அமைதி. டொக். உள்ளே படிக்கிற முள் தட்டுத் தடுமாறித் திரும்பத் திரும்ப இடிக்கிற சத்தம் அது. சோதிக்கிற புரோகிராமை ஓட விட்டாள். டிஸ்க்கில் நல்ல இடத்தைப் பச்சைக் கட்டமாகவும், கெட்டுப்போன இடத்தைச் சிவப்புக் கட்டமாகவும் அது காட்டும். திரையில் பாதிக்கு மேல் சிவப்பு. கொண்டுவந்திருந்த புது டிஸ்க்கைச் செருகி, கிடைத்தவரைக்கும் காப்பி ஆகட்டும் என்று ஆரம்பித்து வைத்தாள். அபுதாஹிர் டீ போட உள்ளே போனார்.

பிள்ளை எப்போது வந்ததென்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, பெட்டியில் கன்னத்தை ஒட்டிவைத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை.

ஒரு சிவப்புக் கட்டம் பச்சையாயிற்று.

கேத்ரின் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பச்சை சிவப்பாகும், அது இயற்கை. சிவப்பு ஒருநாளும் பச்சையாகாது. அழுகின கத்திரிக்காய் மறுபடி பிஞ்சாகுமா? இத்தனை வருஷத் தொழிலில் அவள் அதைக் கண்டதில்லை.

இன்னொன்று மாறியது. இன்னும் இரண்டு.

சந்தேகப்பட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கிப் பார்த்தாள். கட்டங்கள் அப்படியே நின்றன. பிள்ளை மறுபடி சாய்ந்ததும் மளமளவென்று பச்சை பரவியது. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். கேத்ரினுக்கோ கைக்கு வந்த வேலை முடிகிறதே என்ற ஆசை.

“பாப்பா, அங்கனயே இரு. நல்லாச் சாஞ்சுக்க” என்றாள்.

பிள்ளையின் உதட்டில் நிறம் வடிந்துகொண்டே வந்தது. ஸ்பிரிட் வாசனை தூக்கலாக அடித்தது. அப்போதாவது பிடித்து இழுத்திருக்கலாம், பாவி. அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சிவப்பும் பச்சையாயிற்று.

டொக் நின்றுவிட்டது.

நௌஷீன் எழுந்தாள். இடுப்பில் கைவைத்து, வயசுப் பொம்பளை மாதிரி மெல்ல நிமிர்ந்தாள். தலையில் இல்லாத முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டீ டம்ளரோடு அபுதாஹிர் வந்து நின்றார்.

“ஏங்க” என்றாள் பிள்ளை. “மதியம் சாப்பிட்டீங்களா?”

பெற்ற தகப்பனை அத்தா என்று கூப்பிடவேண்டிய வாய் அது.

அந்த மனுஷன் பயந்து அலறுவார் என்று கேத்ரின் நினைத்தாள். அவர் முகத்தில் பயம் ரொம்ப நேரம் தங்கவில்லை. அது போனதும், ஒரு வருஷப் பசி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

“சாப்பிட்டேன் அசீனா” என்றார்.

பிள்ளை சிரித்தது. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பழகின வீட்டுக்காரியாக அடுப்படிக்குள் போனது.

பெட்டியில் செருகியிருந்த ஹெட்போனைக் கேத்ரின் மாட்டி, பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு கதையைத் திறந்தாள். அசீனாவின் குரல் இல்லை. முதலில் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம், ரொம்பத் தள்ளியிருந்து, பேசிப் பழக்கம் விட்டுப்போன ஒரு சின்னக் குரல்.

“அத்தா… இங்க இருட்டா இருக்கு.”

திரையில் ஒரு பச்சைக் கட்டம் சிவந்தது.

டொக்.

அடித்துப் பிடித்துப் புது டிஸ்க்கைத் திறந்தாள். காப்பியான அத்தனை கதையிலும் வெறும் இரைச்சல்தான். பிள்ளை இருப்பது இந்தச் சாகிற டிஸ்க்கில் மட்டும்.

இன்னொரு கட்டமும் சிவந்தது.

“அண்ணே, இதைக் கேளுங்க” என்று ஹெட்போனை அவர் காதில் வைத்தாள். அபுதாஹிர் கேட்டார். மோவாய் துடித்தது. கண் நிறைந்து வழிந்தது. நன்றாகவே கேட்டது அவருக்கு, அதில் சந்தேகமே வேண்டாம்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, அந்தப் பெட்டியை நிறுத்திருங்களேன். இனி அது எதுக்கு?”

கேத்ரின் சுவிட்சுக்குக் குறுக்கே கையை வைத்தாள். “நிறுத்திராதீங்கண்ணே. உள்ள இருக்கது உங்க மக. நின்னுச்சுன்னா மறுபடி வரமாட்டா” என்று கிசுகிசுத்தாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி” என்றார்.

அவள் கையை விலக்கிவிட்டுச் சுவிட்சை அமுக்கினார்.

திரை செத்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. உள்ளே டிஸ்க் மெல்ல மெல்ல அடங்கி நின்றதைக் கேத்ரின் காதால் கேட்டாள். போயிற்று, பச்சைப் பிள்ளை போயிற்று என்று நினைத்தாள்.

“அத்தா” என்றது ஹெட்போன்.

மேஜைமேல், கரண்டே இல்லாமல்.

அபுதாஹிர் அதன் வயரைச் சுருட்டினார். பீரோவைத் திறந்து, அசீனாவின் சேலைகளுக்கு அடியில் அமுக்கி வைத்தார். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வாரேன்மா” என்று குரல் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அந்த அறையில் கேத்ரின் மட்டும் நின்றாள். பீரோவுக்குள் இருந்த குரல் மறுபடி அத்தாவைக் கூப்பிடவில்லை. அவர் வரமாட்டார் என்று அதற்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“ஆன்ட்டி” என்றது.